விடியலில் பூப்பறிப்பவர்கள் யோகா செய்வது எப்போது?

கேள்வி: ‘‘அரை ஏக்கரில் மல்லி போட்டிருக்கிறோம். கருக்கலிலேயே டார்ச் லைட்டோடு பூப்பறிக்கப் போய்விடுவோம். முடிய 7.30 மணி ஆகிவிடும். இடுப்பு வலிக்கு யோகா செய்யச் சொல்கிறார்கள். ஆனால், தெப்பக்குளத்தைச் சுற்றி நடைப்பயிற்சி செய்பவர்கள், ‘சூரியன் உதிக்கும்போது செய்தால்தான் பலன்’ என்கிறார்கள். 8 மணிக்குச் செய்தால் பயன் இல்லையா?’’

- வாசகி, வண்டியூர், மதுரை.

பதில்: தாராளமாக 8 மணிக்குச் செய்யலாம். மொட்டு விரிவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய மல்லியை விட்டுவிட்டு, யாரும் ஆசனம் போட முடியாது. விடிகாலை வெளிச்சத்தால் நன்மை உண்டு என்பது உண்மைதான். ஆனால், அந்த நன்மை பூப்பறிக்கும்போதே கிடைத்துவிடுகிறது.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. தூக்கம், பசி, உடல் சூடு எல்லாம் அதன்படி நடக்கின்றன. இந்தக் கடிகாரம் செல்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. தினமும் அதைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பது, கண்ணுக்குள் விழும் காலை வெளிச்சம். வீட்டுக்குள் டியூப் லைட் தருவது சில நூறு லக்ஸ் வெளிச்சம்தான். மேகம் மூடிய காலையில்கூட, நன்றாக விடிந்த பிறகு வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். அதனால்தான் திறந்தவெளியில் யோகா செய்பவர்களுக்கு மனம் சுறுசுறுப்பாகிறது. இரவில் நேரத்துக்குத் தூக்கமும் வருகிறது. மதுரைப் பக்கம் மே, ஜூனில் 6 மணிக்குச் சற்று முன்பும், ஜனவரி கடைசியில் 6.35 மணியை ஒட்டியும் சூரியன் உதிக்கிறது. அப்போது தோட்டத்தில் நிற்பவர்களுக்கு அந்த வெளிச்சம் முழுதாகக் கிடைத்துவிடும்.

வெளிச்சத்தால் இன்னொரு உதவியும் உண்டு. விருட்சாசனம் போல ஒற்றைக் காலில் நிற்கும் ஆசனங்களில், தூரத்தில் ஒரு புள்ளியைக் கண் பிடித்துக்கொண்டால்தான் உடம்பு ஆடாது. இருட்டில் செய்தால் தடுமாறும்.

இடுப்பு வலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது வேறு. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகள் நீர் உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் அவற்றுக்கு அழுத்தம் அதிகம். எனவே, எழுந்தவுடன் பாத சுவரைத் தொட முயல்வதைவிட, 8 மணிக்குச் செய்வது இடுப்புக்கு நல்லது. பூப்பறிக்கப் போனவுடனும் கொஞ்சம் நடந்துவிட்டுக் குனிவது நல்லது.

செய்யும் முறை: மூன்று மணி நேரம் குனிந்த உடம்பை மறுபடியும் குனிய வைக்கக் கூடாது. முதலில் ஐந்து நிமிடம் நிமிர்ந்து நடக்க வேண்டும். பிறகு, வேப்பமர நிழலில் பாய் விரித்து, குப்புறப் படுத்து மகராசனத்தில் ஓய்வு. அடுத்து, புஜங்காசனம்: வலிக்காத அளவுக்கு மட்டும் மெதுவாக மார்பைத் தூக்கி, மூன்று, நான்கு மூச்சு நிறுத்தி இறக்க வேண்டும். ஐந்து முறை போதும். கடைசியில் ஐந்து நிமிடம் சவாசனம். மொத்தமே 20 நிமிடம்தான். காலை உணவுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். 4 மணிக்கு முன் எழுபவர்கள் இரவு 9 மணிக்குள் படுப்பதும் இதில் சேர்த்தி. டி.வி சீரியலுக்காக விழித்திருந்தால் காலை வெளிச்சத்தின் பலன் வீணாகிவிடும்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ, ஆசனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகளும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கேள்வி: ‘‘சூரிய நமஸ்காரம் செய்யும்போது உதயசூரியனை உற்றுப் பார்க்கலாமா? அந்த வெயிலில் வைட்டமின் டி கிடைக்குமா?’’

- வாசகர், மேலூர்.

பதில்: உற்றுப் பார்க்கவே கூடாது. சூரியனை நேராகப் பார்த்தால் விழித்திரை வெந்து, பார்வையின் நடுவே கரும்புள்ளி விழுந்துவிடலாம். வலி தெரியாது என்பதால் ஆபத்து அதிகம். கிழக்கு பார்த்து நின்று, பார்வையைத் தாழ்த்திக்கொண்டாலே போதும். இன்று பலரும் செய்யும் சூரிய நமஸ்காரம் 1920-களில் மகாராஷ்டிராவின் ஔந்த் சமஸ்தான ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி பரப்பிய உடற்பயிற்சி முறையை ஒட்டியது. கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் தலை கீழே போகும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும்.

உதய வெயிலில் வைட்டமின் டி அநேகமாகக் கிடைக்காது. சாய்ந்து வரும் கதிரில், அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடும். காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரையிலான வெயிலில்தான் தோல் அதைத் தயாரிக்கும். கை, முகத்தில் வெயில் பட வயலில் நிற்பவர்கள் இதற்காகத் தனியாக நிற்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பெரியவர்களைத்தான் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைக்க வேண்டும்.