கப்பல் மட்டுமா சிதம்பரனார்?

தூத்துக்குடி மில்லர்புரத்துப் பள்ளிச் சிறுவன் ஒருவனை நிறுத்தி, வ.உ.சிதம்பரனார் யாவர் என்று வினவினால், கப்பலோட்டிய தமிழர் என்று தயங்காது விடையிறுப்பான். அவர் யாத்த நூல் ஒன்றன் பெயரைச் சொல் என்றால் விழிப்பான். குற்றம் அச் சிறுவனுடையதன்று. கப்பலைக் கதையாகச் சொல்லி நூலை மறந்த பெரியோருடையது.

கப்பற்கதை பெரிதே. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. பங்கொன்று 25 உருபா. முதல் 10 இலக்கம். காலியா, லாவோ என்னும் இரு நாவாய்கள் கொழும்புக்கு ஓடின. கட்டணத்தைக் குறைத்துப் பார்த்த வெள்ளையர் குழுமம், இறுதியில் கட்டணமின்றியே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது! 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்க்குத் துணைநின்ற சிதம்பரனாரை மார்ச்சு 12ஆம் நாள் சிறைப்படுத்தினர். பின்கே என்னும் நடுவர் இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாட்டுக்கு மாற்றாக அவர் செக்கிழுத்தார்.

அதே 1908ஆம் ஆண்டில், கடல்களுக்கப்பால் அயர்லாந்தின் தபுளின் நகரில், கணக்காசிரியரான இளைஞர் ஒருவர் ஐரிய மொழி கற்கக் கேலிக்குக் கழகத்திற் சேர்ந்தார். அவரே ஏமன் தெவலேரா. ஆங்கிலேயராட்சியில் நாட்டின் பெரும்பகுதி ஆங்கிலத்துக்கு மாறிவிட்டமையால், தம் இனத்தின் மொழியை இருபத்தைந்து அகவைக்குப் பின் அவர் பயில வேண்டியிருந்தது. பயிற்றுவித்த ஆசிரியையையே 1910இல் மணந்தார். 1916 எழுச்சியில் படைகொண்டு நின்று சாத்தண்டனை பெற்று, அது மாற்றப்பட, உயிர் தப்பினார். 1932இல் ஆட்சித்தலைவர், 1959 முதல் 1973 வரை குடியரசுத் தலைவர். 1937இல் அவர் கொணர்ந்த அரசமைப்பு, ஐரியத்தை முதல் ஆட்சிமொழி என்றது.

ஆனால் சட்டம் ஏட்டில் நின்றது. மொழியோ அடுக்களைக்குத் திரும்பவில்லை. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, கல்விக்கூடத்துக்கு வெளியே நாள்தோறும் ஐரியம் பேசுவோர் ஏறத்தாழ 72,000 பேரே. மக்கள்தொகை 51 இலக்கத்துக்கு மேல். நாற்பதாண்டுக் காலம் நாட்டின் முன்னணியில் நின்றவராலும் அதனை மீட்க இயலவில்லை.

சிதம்பரனார்க்கு நாற்காலி வாய்க்கவில்லை. 1912 திசம்பரில் விடுதலையானபோது கப்பற் சங்கம் கலைந்துபோயிருந்தது. வழக்குரைக்கும் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் வறுமை அவரை வாட்டியது. அவ் வறுமையிலும் அவர் விடாது பற்றியது தமிழ்ச் சுவடியே. மெய்யறம் 1914இலும் மெய்யறிவு 1915இலும் வெளிவந்தன. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் வரைந்த உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தை அச்சேற்றுவதிலும் உழைத்தார். சேம்சு ஆலன் நூல்களைத் தமிழாக்கியவற்றுள் ஒன்றற்கு 'வலிமைக்கு மார்க்கம்' எனப் பெயரிட்டார். மார்க்கம் என்னும் வடசொல்லை அவர் விலக்கவில்லை என்று குறைகூறுவார் உளர். கூறட்டும், செக்கிழுத்த கையால் இளம்பூரணர்க்கு மெய்ப்புத் திருத்தியவரிடம் அதனைப் பெரிதுபடுத்தல் சிறுமை.

மொழி கெட்ட பின் நாட்டைப் பெற்றார் தெவலேரா. நாடு கிடைக்குமுன்பே மொழியின் வேரைக் காத்து, 1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் கண்மூடினார் சிதம்பரனார். இவ்விருவருள் முன்னவரை உலகம் அறியும். பின்னவரின் நூற்பணியைத் துறைமுகத்து மக்களும் அறியார். அத் துறைமுகத்துக்கு அவர் பெயரே 2011இல் சூட்டப்பட்டது.

அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5. அந்நாளே ஆசிரியர் நாளாகவும் அமைந்துவிட்டமையால், மாணவர் ஆசிரியர்க்கு மலர் கொடுப்பதோடு பொழுது கழிகிறது. மெய்யறத்தின் முதற்பகுதி மாணவரியல். மாணவர்க்கென்றே அவர் எழுதியது. அந்நாளில் கப்பற்படம் வரைந்து முடித்த பின், மில்லர்புரத்து வகுப்பறைகளில் அதன் ஓர் அதிகாரத்தையேனும் உரக்கப் படிக்கச் செய்க. அதற்கு அரசாணை வேண்டா. ஓர் ஆசிரியரும் ஒரு படியும் போதும்.