கறுப்பு அங்கி தவணையில் கிடைக்காது

வீட்டிலிருந்தே சட்டம் படிக்கலாம், வேலையை விட வேண்டாம், கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்ற விளம்பரங்கள் நம் ஊர் இளைஞர்களின் கைபேசிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. மில் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்க்கொண்டே மேலே படிக்கத் துடிக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆசையைக் காட்டுகிறது.

சேரியிலிருந்து ஒரு வழக்கறிஞர் வர வேண்டும் என்ற ஏக்கம் நமக்குப் புதிதல்ல. வன்கொடுமை நடந்த இரவில் புகார் மனுவோடு காவல் நிலைய வாசலில் நின்றவர்களுக்கு, சட்டம் தெரிந்த நம்மவர் ஒருவர் உடன் நிற்பதன் அருமை தெரியும். அந்த ஏக்கத்துக்குத்தான் இப்போது விலை வைக்கப்படுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். இந்தியாவில் இணையவழியிலோ அஞ்சல்வழியிலோ சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்ய முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சில் ஏற்ற சட்டப் பட்டம் வேண்டும். பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக்கல்வி விதிகள் நேரடி வகுப்பையும் 70 விழுக்காடு வருகையையும் கேட்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளிலும், தொலைநிலையிலும் இணையவழியிலும் நடத்தக் கூடாத படிப்புகளின் பட்டியலில் சட்டம் இருக்கிறது.

அப்படியானால் இந்த நிறுவனங்கள் எதை விற்கின்றன? சைபர் சட்டம், நிறுவனச் சட்டம், ஒப்பந்தம் எழுதுதல் போன்றவற்றில் டிப்ளமோ அல்லது சான்றிதழ். ஏற்கெனவே சட்டம் படிப்பவருக்கோ, அலுவலகத்தில் அந்த வேலை பார்ப்பவருக்கோ இவை பயன்படலாம். பிளஸ் 2 முடித்த பிள்ளைக்கு இவை நீதிமன்ற வாசலைத் திறக்காது. விளம்பரத்தில் ‘சட்டம்’ என்ற சொல் பெரிய எழுத்தில் இருக்கும். இது எல்எல்பி பட்டம் அல்ல என்பது எங்கோ பொடி எழுத்தில் இருக்கும்.

தவணையிலும் கவனம் வேண்டும். பல இடங்களில் அது நிதி நிறுவனம் ஒன்றின் கடன். கைபேசியில் விரலை வைத்துச் சம்மதம் சொன்னதுமே கடன் நம் தலையில் ஏறிவிடும். படிப்பைப் பாதியில் விட்டாலும் கடன் நிற்காது.

அமெரிக்காவில் இணையவழிச் சட்டக்கல்லூரி உண்டே என்று சிலர் கேட்கலாம். உண்டு. கல்வி வணிக நிறுவனமான கப்லான் 1998இல் கன்கார்ட் சட்டப் பள்ளியைத் தொடங்கியது. ஆனால் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் அதற்கு இல்லை. அங்கு படித்தவர்களுக்குக் கலிஃபோர்னியாவின் வழக்கறிஞர் தேர்வே முதன்மையான வழியாக இருந்தது; பெரும்பாலான மாநிலங்களில் கதவு மூடியே இருந்தது. முதலாண்டு முடிவில் தனியாக ஒரு தகுதித் தேர்வையும் அவர்கள் தாண்ட வேண்டியிருந்தது. இணையவழிச் சட்டப் படிப்பு நடக்கும் நாட்டிலேயே நிலைமை இதுதான்.

நம் பிள்ளைகள் ஏன் இந்த விளம்பரங்களை நம்புகிறார்கள்? பேராசையால் அல்ல. வாரத்துக்கு 30 மணி நேரம் பகல் வகுப்பில் உட்கார வேண்டும் என்றால், அந்த நாட்களின் கூலியை யார் தருவார்கள்? கட்டணத்தைச் சமாளித்தாலும் சாப்பாடும் தங்குமிடமும் இடிக்கின்றன. அரசு விட்டுவைத்த இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நுழைகிறது.

ஆனாலும் நேர்வழி ஒன்று இருக்கிறது. மதுரை, திருச்சி, கோவை, நெல்லை மட்டுமல்ல. விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனியிலும் இன்று அரசு சட்டக்கல்லூரிகள் உள்ளன. அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்பட பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு மதிப்பெண் தேவை. நமக்கு 40 போதும். பிளஸ் 2 முறையாக முடித்தபின் பி.ஏ.வைத் தொலைநிலையில் படித்திருந்தாலும் மூன்றாண்டு எல்எல்பிக்குத் தடையில்லை. பள்ளிப் படிப்பை முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் வாசல் அடைபட்டிருக்கிறது.

பதிவுக் கட்டணம் இன்னொரு சுவராக இருந்தது. பார் கவுன்சில்கள் பல ஆயிரம் ரூபாய் வசூலித்து வந்தன. 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. சட்டத்தில் உள்ளபடி பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது. மற்றவர்களுக்கு 750 ரூபாய்.

வழக்காட வேண்டாம், ஊருக்கு உதவும் அளவுக்குச் சட்டம் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கும் வழி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலராகச் சேரலாம். அதே ஆணைக்குழு, வருமான வரம்பு பார்க்காமல் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பதையும் ஊரில் சொல்ல வேண்டும்.

பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? கல்லூரி பார் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா? படித்து முடித்தால் வழக்கறிஞராகப் பதிவு செய்யலாம் என்று எழுத்தில் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்குப் பதில் மழுப்பலாக வந்தால், எழுந்து வந்துவிடுங்கள்.

அரசிடமும் நாம் கேட்க வேண்டும். ஒவ்வொரு அரசு சட்டக்கல்லூரிக்கும் பக்கத்தில் ஆதிதிராவிடர் நல விடுதி வேண்டும். உதவித்தொகை ஆண்டு முடிவில் அல்ல, செமஸ்டர் தொடங்கும்போதே கைக்கு வர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பிள்ளையும் படிக்கும்படி மாலை வகுப்புகளுக்குப் பார் கவுன்சில் இடம் தர வேண்டும். இவை நடக்காதவரை, நம் பிள்ளைகளின் கனவைத் தவணைக்கு விற்பவர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.