பட்டியல்களும் பிரிந்தோரும்

பேரிடரிற் பிரிந்த உறவினரை இணைய வழியாகத் தேடிச் சேர்க்குந் தொண்டு போற்றத்தக்கது. ஆயின், பட்டியல்கள் எத்துணை பெருகுமோ அத்துணை நன்மை விளையும் என்ற எண்ணம் அத்தொண்டர் பலரிடம் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் தவறானது, தேடுவோருக்குத் தீங்கு விளைப்பதுமாகும்.

2005 ஓகஸ்ட் 29இல் கத்ரீனாச் சூறாவளி ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஓர்லியன்ஸ் நகரின் வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்தன. மக்கள் பேருந்துகளிலும் விமானங்களிலும் ஏற்றப்பட்டுப் பல மாநிலங்களின் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். கத்ரீனாவாலும் அதனையடுத்து வந்த ரீற்றாச் சூறாவளியாலும் குடும்பத்தைப் பிரிந்தோராக அறிவிக்கப்பட்ட சிறாரின் தொகை மட்டும் 5,192. அவர்களுள் இறுதிக் குழந்தை குடும்பத்தை அடைந்தது 2006 மார்ச்சிலேயே. பத்திரிகைகள், செஞ்சிலுவைச் சங்கம், தனியார் எனப் பலரும் தத்தம் பட்டியலைத் திறந்தனர். விளைவு யாது? மகன் ஒரு பட்டியலிற் பெயரைப் பதிய, தாய் வேறொரு பட்டியலில் அவனைத் தேடும் நிலை உருவாயிற்று. வெள்ளம் பிரித்தோரைப் பட்டியல்கள் மறுமுறையும் பிரித்தன.

இதற்குப் பரிகாரங் கண்டோரும் தொண்டர்களே. ஆயிரக்கணக்கானோர் சிதறிக்கிடந்த அறிவித்தல்களைப் படித்து ஒரே வடிவிற் பதிந்தனர். பட்டியல்கள் தம்முட் பதிவுகளைப் பரிமாறுதற்குரிய பொது அமைப்பொன்றும் அச்செப்தெம்பரிலேயே வகுக்கப்பட்டது. அதில் ஆளின் அடையாளம் ஒரு பதிவு. அவரைப்பற்றி எவர், எப்போது, என்ன கூறினார் என்பது வேறு பதிவு. 2010இல் ஹெயிற்றி நிலநடுக்கத்தின் பின் கூகிள் நிறுவனம் தொடங்கிய ஆள்தேடு பதிவேடும் இவ்வமைப்பையே தழுவியது. 2011இல் யப்பானிய முகாம்களிலிருந்த பெயர்ப் பட்டியல்களின் ஒளிப்படங்களைத் தொண்டர்கள் பார்த்தெழுதி அப்பதிவேட்டிற் சேர்த்தனர். பதிவுகள் 600,000ஐக் கடந்தன.

பயிற்சியற்றோர் பிழைபட எழுதுவர், ஆதலால் இப்பணியை அரசிடமே விடவேண்டும் என்பாருமுளர். பிழை நேர்வது உண்மையே. ஆயின், மூலங் குறிக்கப்பட்ட பதிவைப் பின்னர் திருத்தலாம். எழுதப்படாத பெயரை எவராலுந் திருத்த இயலாது.

இலங்கையர் இதனைப் பிறநாட்டுச் செய்தியென ஒதுக்கிவிட முடியாது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின் இந்நாட்டுக் கணினித் தொண்டர்களே 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர் பதிவேடு அதன் ஒரு கூறு. மறு ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. எனவே கருவி உண்டு. பெயர்களை எழுதும் ஒழுங்கே இல்லை. தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்துக்கு மாறுகையிற் பல உருவம் பெறுகின்றது. சண்முகம் என்பதன் முதலெழுத்தையே ஒருவர் எழுதுமாறு மற்றவர் எழுதுவதில்லை. பெண்ணின் முன்னெழுத்து திருமணத்துக்கு முன் தந்தையைக் குறிக்கும். பின் கணவனைக் குறிக்கும். முகாமில் எழுதுவோர் ஒன்றை எழுத, தேடுவோர் மற்றொன்றைக் கேட்பர். கணினிக்கு இவ்விரு பெயரும் இரு வேறு ஆட்களே.

பெயரைத் தமிழெழுத்திலும் எழுதுதல், தந்தை பெயரையும் கணவன் பெயரையும் முழுமையாகக் குறித்தல், பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் வேறாகப் பதிதல் ஆகிய மூன்றும் பொதுவிதியாதல் வேண்டும். இவ்விதியை வகுத்துத் தொண்டரைப் பயிற்றும் பொறுப்பு தமிழும் கணினியும் ஒருங்கே கற்கும் பல்கலைக்கழக மாணவரைச் சார்ந்தது. அலை வந்தபின் இரக்கம் தானே பிறக்கும். ஒழுங்கு அவ்வாறு பிறப்பதில்லை. அதனை அமைதிக் காலத்திலேயே ஆக்கிவைத்தல் வேண்டும்.