மாலை வகுப்பு நோட்டு

சகோதரிகளே, டீச்சராக என்ன படிக்க வேண்டும் என்று கேட்டால் தெருவில் யாரும் சொல்லிவிடுவார்கள். பள்ளிக்கூடம் எப்படி நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறார்களே, அந்தப் பக்கம் போய் உட்கார என்ன படிப்பது? எங்கள் மேல்சித்தாமூரில் ஒரு இளம் தாய் என்னிடம் இதைத்தான் கேட்டாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. "பி.எஸ்ஸி. முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு அத்தை. இனிமே யாரு சேர்த்துப்பாங்க?" என்றாள். மாமியாருக்கோ, இவள் படித்து முடிக்கும்வரை குழந்தை யாரிடம் வளரும் என்ற கவலை. அதுவும் நியாயம்தானே!

கல்விக் கொள்கை என்றதும் அது டில்லிக்காரர்கள் சமாசாரம் என்று பயந்துவிட வேண்டாம். 1982 ஜூலை 1-ல் சத்துணவு தொடங்கியது கொள்கை. 2022 செப்டம்பரில் காலை உணவு வந்ததும் கொள்கை. யார் சமைப்பது, எத்தனை மணிக்குப் பரிமாறுவது, எந்தப் பள்ளியில் முதலில் என்று ஒவ்வொன்றையும் யாரோ கணக்குப் போட்டுத்தான் சொல்கிறார்கள். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்கும் இரண்டு வருஷ எம்.ஏ. படிப்பு பெங்களூர் அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பி.எட். கட்டாயமில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவித்தொகையும் தருகிறார்கள். டாடா சமூக அறிவியல் நிறுவனத்திலும் கல்வியில் எம்.ஏ. உண்டு.

சரி, அப்ளிகேஷனுக்கு வருவோம். 'ஏன் படிக்க விரும்புகிறேன்' என்று அவள் எழுதி வந்த கட்டுரையின் முதல் வரி: "சிறு வயது முதலே கற்பிப்பதில் எனக்கு ஆர்வம்." அடிச்சுடும்மா என்றேன். நூறு பேர் அதைத்தான் எழுதுவார்கள்.

2021 அக்டோபர் 27-ல் நம் மாவட்டத்திலேயே, மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? கொரோனாவில் விட்டுப்போன பாடத்தை மாலையில் தன்னார்வலர்கள் சொல்லித் தந்தார்கள். இவளும் திண்ணையில் பாய் விரித்து உட்கார்ந்தவள்தான். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. அன்றன்றைக்கு யார் வந்தார்கள், யாருக்குக் கடன் வாங்கிக் கழிக்க வரவில்லை என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். அதைப் புரட்டினேன். மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் மட்டும் வரவில்லை, பையன்கள் வந்திருக்கிறார்கள். "அன்னிக்கு ஸ்கூலுக்கும் மட்டம்தான் அத்தை. அம்மா கொல்லைக்குப் போயிடுவாங்க, தம்பியை யாரு பார்க்கிறது?" என்றாள்.

அந்த மாதங்களில் அங்கன்வாடி சீக்கிரம் திறந்து தாமதமாக மூடினால் அக்காள் பள்ளிக்கூடம் வருவாளா? அதுதான் உன் முதல் வரி என்று சொன்னேன். தேர்வு செய்கிறவர்கள் தேடுவது இப்படி ஒரு கேள்வியையும், அதற்கு விடை தேடும் பொறுமையையும்தான். ஆறு வருஷம் வீட்டில் இருந்ததை மறைக்கவே வேண்டாம்.

கூடவே கொஞ்சம் கணக்கு வேண்டும். சதவீதம், சராசரி, அட்டவணை படிப்பது. 'யூடைஸ்' என்று நாட்டிலுள்ள பள்ளிகளின் விவரங்களை மத்திய அரசு திரட்டி வெளியிடுகிறது, செல்போனிலேயே பார்க்கலாம். 2020-ல் வந்த தேசியக் கொள்கையையும், 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு வெளியிட்ட தன் சொந்தக் கொள்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொன்னேன். இரண்டு மொழியா மூன்று மொழியா என்பதோடு நிறுத்திவிடாமல், சின்னக் குழந்தைகளைப் பற்றி இரண்டும் என்ன சொல்கின்றன என்று பார்க்கட்டும். சிபாரிசுக் கடிதத்துக்குப் பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம். அவள் வகுப்பை நேரில் பார்த்த தலைமையாசிரியை நாலு வரி எழுதினால் அதற்குத்தான் மதிப்பு.

வெளிநாடு? பிரிட்டிஷ் அரசாங்கத்தின் செவனிங் உதவித்தொகை ஒரு வருஷ மேல்படிப்புச் செலவை ஏற்கிறது. ஆனால் 2,800 மணி நேர வேலை அனுபவம் கேட்கிறார்கள். சம்பளமில்லாத தொண்டும் கணக்கில் சேரும் என்றாலும், தினம் ஒன்றரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் வருஷத்துக்கு 400 மணிகூட ஆகாது. ஆகவே இவளுக்கு முதலில் பெங்களூர்தான். அமெரிக்காவில் ஒஹையோ போய் டாக்டர் பட்டம் வாங்கிய ராஜம்மாள் தேவதாஸ் நம் பக்கத்துச் செங்கத்தில் பிறந்தவர் என்று மாமியாரிடம் சொன்னேன். "பரீட்சை எழுதட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிற வரைக்கும் இறங்கி வந்திருக்கிறார்.

வீட்டை விட்டு நகர முடியாதவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. 2009-ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதே இந்தக் குழுவின் வேலை. கூட்டத்துக்குப் போனால் நீட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், அந்தத் திட்டத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டதையும் அவர்கள் சொன்னதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.