ஒரு துளி ரத்தம் போதுமா?

ஒரே துளி ரத்தத்தில் எல்லாப் புற்றுநோய்களையும் கண்டுபிடிக்கும் நானோ கருவி வந்துவிட்டது என்ற தகவல், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையாவது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் என்னிடம், “இது உண்மையா?” என்று உடனே கேட்பார்கள். கருவி உண்மைதான், அறிவிப்புதான் மிகை என்பேன். இந்தத் துறைமீது எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால், இத்தகைய கருவியை முதலில் யாருக்குப் பயன்படுத்த வேண்டும் என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை என்பது என் கருத்து.

முதலில் கருவியைப் பார்ப்போம். ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80,000 முதல் 100,000 நானோமீட்டர். ரத்தத்தில் மிதக்கும் புரதங்களோ சில நானோமீட்டர் அளவுதான். அவற்றைப் பிடிக்கும் பொறியும் ஏறக்குறைய அதே அளவில் இருந்தால், மிகச் சில புரதங்கள் வந்து ஒட்டினாலும் மாற்றம் தெரியும். இது நமக்கு முற்றிலும் புதியதன்று. கொவிட்-19 காலத்தில் நாம் பயன்படுத்திய பல ஏஆர்டி கருவிகளில் தோன்றிய சிவப்புக் கோடு, தங்க நானோ துகள்கள் ஓரிடத்தில் திரண்டதால் உண்டானதே.

2005ஆம் ஆண்டில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லீபரின் குழு, சிலிக்கான் நானோ கம்பிகள்மீது ஆன்டிபாடிகளைப் பதித்தது. ஒவ்வோர் ஆன்டிபாடியும் குறிப்பிட்ட ஒரு புரதத்தைப் பற்றிக்கொள்ளும். அந்தப் புரதம் ஒட்டியதும் கம்பி மின்சாரத்தைக் கடத்தும் அளவு மாறும். புராஸ்டேட் புற்றுநோயோடு தொடர்புடைய பிஎஸ்ஏ, பெருங்குடல் புற்றுநோயோடு தொடர்புடைய சிஇஏ போன்ற புரதங்களை அக்கருவி ஒரே நேரத்தில் கண்டறிந்தது. அப்படியானால், இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது ஏன் நம் பலதுறை மருந்தகங்களுக்கு வரவில்லை?

முதல் காரணம், ரத்தம். ரத்தத்தின் நீர்மப் பகுதியில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 40 மில்லிகிராம் அல்புமின் என்ற புரதம் இருக்கிறது. பிஎஸ்ஏவுக்கு மருத்துவர்கள் நெடுங்காலம் வைத்திருந்த எல்லையோ 4 நானோகிராம். தேடும் புரதத்தைவிட அல்புமின் ஒரு கோடி மடங்கு அதிகம். அது உணரியின் மேற்பரப்பில் படிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். ரத்தத்திலுள்ள உப்பும், புரதத்தின் மின்னேற்றத்தை ஒரு நானோமீட்டருக்கும் குறைவான தூரத்திலேயே மறைத்துவிடும். அதனால்தான் ஹார்வர்ட் குழுவும் மாதிரியிலிருந்து முதலில் உப்பை நீக்கியது.

இவை பொறியாளர்களுக்கான சிக்கல்கள். காலப்போக்கில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். இரண்டாவது காரணம் அப்படிப்பட்டதன்று. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 பேரில் 10 பேருக்கு ஒரு புற்றுநோய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் சோதனை 99 விழுக்காடு துல்லியமானது. நோயுள்ள 10 பேரையும் அது கண்டுபிடித்துவிடும் என்றே கொள்வோம். நோயில்லாத 9,990 பேரில் ஒரு விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 100 பேருக்கு, நோய் இருப்பதாக அது தவறாகச் சொல்லும். ஆக, ‘இருக்கிறது’ என்ற முடிவைப் பெறும் 110 பேரில் 100 பேர் வீணாகக் கலங்குவார்கள்; தேவையற்ற ஸ்கேன், திசுப் பரிசோதனை என்று அலைவார்கள். உணரியை இன்னும் நுட்பமாக்கினாலும் இது தானாகச் சரியாகிவிடாது. பிஎஸ்ஏ, புற்றுநோய் இல்லாத வெறும் சுரப்பி வீக்கத்தாலும் உயரும். உணரியால் அளக்க முடிவது புரதத்தைத்தான்.

முன்கூட்டியே தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்பதும் எல்லா நேரத்திலும் உண்மையாகாது. பிரிட்டனில் 200,000க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்ற ஆய்வில், ஒரு பிரிவினருக்கு ஆண்டுதோறும் சிஏ-125 என்ற புரதத்தை ரத்தத்தில் அளந்தார்கள். அவர்களிடம் சினைப்பைப் புற்றுநோய் ஆரம்பக் கட்டத்திலேயே கூடுதலாகக் கண்டறியப்பட்டது. ஆனால், 2021இல் வெளியான முடிவின்படி, சோதனை செய்துகொள்ளாத பிரிவினரோடு ஒப்பிடுகையில் அந்நோயால் ஏற்படும் இறப்பு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

எனவே, நானோ உணரிகள் முதலில் உதவ வேண்டியது ஏற்கெனவே நோய் கண்டவர்களுக்கு என்பேன். என் பெரியப்பாவுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சை நடந்தது. நோய் திரும்புகிறதா என்று பார்க்க, சில மாதங்களுக்கு ஒருமுறை ரத்தத்தில் சிஇஏ அளவைச் சோதிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை அவர் சரியாகத் தூங்குவதில்லை. இவரைப் போன்றவர்களிடம் எந்தப் புரதத்தைத் தேட வேண்டும் என்பது தெரியும். ஒப்பிட அவர்களுடைய பழைய அளவுகளும் இருக்கும். விரைவாகவும் அடிக்கடியும் அளக்கக்கூடிய ஒரு சிறு கருவி இங்கேதான் மிகவும் தேவை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ‘எக்ஸோஸ்கோப்’ முறையும் இந்த வழியில் செல்கிறது. உயிரணுக்கள் ரத்தத்தில் வெளியிடும் நுண்பைகளை ஆராய்ந்து, புற்றுநோய் மருந்து தன் இலக்கைச் சென்றடைந்ததா என்று அது பார்க்கிறது.

பெரியப்பாவின் நோயை முதலில் காட்டிக்கொடுத்தது நானோ கருவியன்று. மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டறியும் ‘எஃப்ஐடி’ சோதனை. 50 வயதானவர்கள் ஆண்டுதோறும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். தகுதியுள்ளவர்களுக்குச் சிங்கப்பூர் புற்றுநோய்ச் சங்கம் அதை இலவசமாகவே வழங்குகிறது. இவ்வகைச் சோதனைகள் இறப்பைக் குறைப்பதாகப் பெரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனாலும், அருவருப்பினாலோ சோம்பலாலோ அதைத் தள்ளிப்போடுபவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள்.

இளையர்களாகிய நாம் இரண்டு காரியங்களைச் செய்யலாம். அடுத்த முறை ‘ஒரு துளி ரத்தம்’ தகவல் வந்தால், அதைப் பகிருமுன் எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எத்தனை பேருக்குத் தவறான முடிவு வந்தது, உயிர்கள் காப்பாற்றப்பட்டனவா என்று தேடிப் பார்ப்போம். பெற்றோருக்கு 50 வயதாகியிருந்தால், எஃப்ஐடி சோதனையைச் செய்துவிட்டார்களா என்று இன்றைக்கே கேட்போம்.