மரண பயம்

பிறந்தவர் இறத்தல் நிச்சயம் என்பதை அறியாதார் எவருமிலர். ஆயினும் மரணம் என்னும் சொல்லை வீட்டில் உச்சரிக்கவும் நாம் கூசுகின்றோம். 'காலமானார்', 'மோசம் போய்விட்டார்' என்று திரையிட்டே பேசுகின்றோம்.

இந்த அச்சத்தைச் சற்று ஆராய்ந்தால், அது ஒன்றன்று என்பது புலனாகும். நோவுக்கு அஞ்சுதல் ஒன்று. 'நான் இல்லாமற் போவேனே' என்று அஞ்சுதல் மற்றொன்று. உற்றாரைப் பிரிந்து தனியே போக வேண்டுமே என்று அஞ்சுதல் மூன்றாவது.

முதலாவதை வைத்தியம் பெருமளவு தணிக்க வல்லது. சிசிலி சாண்டர்ஸ் என்னும் பெண் வைத்தியர் 1967ஆம் ஆண்டில் இலண்டனில், மரணத்தை எதிர்நோக்கியுள்ள நோயாளருக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். நோவு முற்றியபின் மருந்து கொடாது, அது தலைகாட்டுமுன்பே ஒழுங்காகக் கொடுத்துவர வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மாற்ற முடியாத நோயிலும் நோவை ஆற்றலாம் என்பது அதனால் தெளிவாயிற்று.

இரண்டாவது அச்சம் அறிவோடு தொடர்புடையது. 1896ஆம் ஆண்டில் மதுரையில், வேங்கடராமன் என்னும் 16 வயது மாணவனைத் திடீரென மரண பயம் பற்றியது. உடம்பில் நோயேதும் இல்லை. அவன் எவரையும் துணைக்கு அழைக்கவில்லை. பிணம்போல் நீட்டி நிமிர்ந்து படுத்து, 'இறப்பது எது?' என்று தன்னுள்ளே விசாரித்தான். இறப்பது உடலே, 'நான்' அன்று என்ற தெளிவு பிறந்தது, பயம் ஒழிந்தது. அம்மாணவனே பின்னர் திருவண்ணாமலையில் ரமண மகரிஷி எனப் போற்றப்பெற்றார். அத்தகைய தெளிவு நம் எல்லார்க்கும் வாய்ப்பது அரிது. எனினும், பயத்துக்குப் புறங்காட்டாது அதனை நேர்நின்று நோக்க வேண்டும் என்ற பாடம் எல்லார்க்கும் உரியது.

மூன்றாவது அச்சத்துக்கு மருந்து நம் கையிலேயே உள்ளது. அதனைத்தான் நாம் கொடுப்பதில்லை. நோயாளி பிழையார் என்று வைத்தியர் கூறியதும் வீட்டார் விறாந்தையில் நின்று அழுகின்றனர். அறைக்குள் வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு, 'ஒன்றுமில்லை, சுகமாகிவிடும்' என்கின்றனர். நோயாளியோ அம்முகங்களிலேயே உண்மையைக் கண்டுகொள்கின்றார். தாம் அறிந்ததைச் சொன்னால் பிள்ளைகள் கலங்குவரென்று அவரும் மறைக்கின்றார். இவ்வாறு அன்புடையார் நடுவிலேயே அவர் தனித்துவிடுகின்றார்.

சிக்காகோவில் எலிசபெத் கூப்ளர் ரோஸ் என்னும் வைத்தியர், மரணத் தறுவாயில் இருந்தவர்களிடமே சென்று உரையாடி, 1969ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அவர்களிற் பலர் தம் நிலையை அறிந்தே இருந்தனர் என்பதையும், மனந்திறந்து பேச ஒருவரையே நாடினர் என்பதையும் அந்நூல் காட்டிற்று.

இறந்தவருக்கு நாம் செய்யும் கடன்கள் பல. எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம், தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி என ஒன்றையும் நாம் தவறவிடுவதில்லை. உயிரோடிருந்து விடைபெறுபவருக்கோ ஒரு மெய்ச்சொல்லையும் கொடாது விடுகின்றோம்.

அருகில் அமர்ந்து, கையைப் பற்றி, 'ஏதேனும் சொல்ல விருப்பமா?' என்று கேட்பதற்குத் தத்துவ ஞானம் வேண்டியதில்லை. அவர் பேச விரும்பாவிடின் மௌனமாக உடனிருந்தாலே போதும். பிள்ளைகளையும் அவ்வறையிலிருந்து விலக்காதிருப்போம். அன்புடையார் சூழ ஒருவர் அமைதியாக விடைபெறுவதைக் கண்டு வளரும் பிள்ளைக்கு, மரணம் இருட்டில் நிற்கும் பேயாகத் தோன்றாது.