முதல் குடம் கரிக்கிறதா?

விடியற்காலை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். குடத்தை வைத்துவிட்டு மருமகள் காத்திருக்கிறாள். "புஸ்" என்று காற்று வருகிறது. பிறகு தண்ணீர் வருகிறது. ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்க்கிறாள். முகத்தைச் சுளிக்கிறாள்.

"அத்தை! இன்னிக்கும் முதல் குடம் கரிக்குது!"

"அதைக் கீழே கொட்டிட்டு அடுத்த குடத்தைப் பிடிம்மா" என்கிறாள் மாமியார்.

இரண்டாவது குடம் நன்றாக இருக்கிறது. பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது. மறுநாளும் இதே கதை!

மரக்காணம் கரையோரத்தில் எந்த வீட்டிலும் இது நடக்கலாம். "உப்பு விளையும் ஊரில் தண்ணீர் கரிப்பது அதிசயமா?" என்று கேட்டுவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் அந்த முதல் குடம் ஒரு சேதி சொல்கிறது. "உன் வீட்டுக்கு வரும் குழாய் மண்ணுக்குள்ளே ஓட்டையாகி இருக்கலாம். உடனே பார்!" என்பதுதான் அந்தச் சேதி.

அந்தக் குழாயைச் சரிசெய்ய எவ்வளவு செலவாகும்? அதை யார் தருவது? இன்று அதைப்பற்றித்தான் பேசப் போகிறோம்.

இரும்பைத் தின்னும் மண்

மரக்காணம், விழுப்புரம் மாவட்டத்தில் கடலோரமாக இருக்கிறது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள், இங்கே சாலை ஓரத்தில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி இந்த ஊர்தான். இங்குள்ள பூமீசுவரர் கோவிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்புத் தொழில் இந்த ஊருக்கு நேற்று வந்தது அல்ல.

உப்புக்கு நல்ல மண், இரும்புக்கு எமன்!

வீடுகளில் போடப்படும் இரும்புக் குழாய்க்கு மேலே துத்தநாகம் பூசப்பட்டிருக்கும். ஈரமும் உப்பும் சேர்ந்தால், அந்தப் பூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும். பிறகு இரும்பு துருப்பிடிக்கும். நல்ல மண்ணில் நீண்ட காலம் உழைக்கும் குழாய், உப்பு மண்ணில் வெகு சீக்கிரம் அரித்துப்போகும். குழாய் முழுவதும் ஒரேயடியாக அரிக்காது. ஊசி முனை போல ஒரு துளை விழும். அது மெல்ல மெல்லப் பெரிதாகும். மண்ணுக்குள்ளே நடப்பதால் நம் கண்ணுக்குத் தெரியாது.

போவதும் வருவதும்

"சிறு துளைதானே! கொஞ்சம் தண்ணீர் போனால் போகட்டும்" என்று சிலர் சொல்வார்கள்.

போகிற தண்ணீரைக் கணக்குப் பார்ப்போம். ஒரு நிமிடத்துக்கு ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி, ஒழுகுவதாக வைத்துக்கொள்வோம். தினம் ஒரு மணி நேரம் தண்ணீர் வந்தால், 12 லிட்டர் மண்ணுக்குள் போய்விடும். கிட்டத்தட்ட ஒரு குடம்! ஆண்டு முழுவதும் பார்த்தால் 4,380 லிட்டர்!

ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தண்ணீர் வெளியே போகும் துளை வழியாக, வெளியில் இருப்பது உள்ளேயும் வரும்!

எப்படி? தண்ணீர் வரும் நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். அதனால் தண்ணீர் வெளியே பீய்ச்சும். தண்ணீரை நிறுத்தியதும் அழுத்தம் குறைந்துவிடும். குழாய் வெறுமையாகும்போது உள்ளே இழுக்கும். அப்போது துளையைச் சுற்றி நிற்கும் உப்புநீர் உள்ளே போகும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடை நீரும் போகும். மறுநாள் காலையில் முதல் குடத்தில் வருவது அதுதான்!

உப்பு கரிப்பதால் நாம் கண்டுபிடித்துவிடுகிறோம். கிருமி கரிக்காது. வாந்தியும் பேதியும் வந்த பிறகுதான் தெரியும். வீட்டில் முதலில் படுப்பது கைக்குழந்தை.

நாள் முழுவதும் தண்ணீர் வரும் ஊரில் இந்த ஆபத்து குறைவு. ஒடிசாவில் பூரி நகரில் 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் அப்படி ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. 24 மணி நேரமும் குழாயில் தண்ணீர் வரும். அதை அப்படியே குடிக்கலாம் என்பது அந்தத் திட்டம். நம் ஊர்களில் பெரும்பாலும் விட்டு விட்டுத்தான் தண்ணீர் வருகிறது. ஆகவே, நம் குழாயில் ஊசித் துளைகூட இருக்கக்கூடாது.

இன்னொரு தப்பும் நடக்கிறது. சிலர் வீட்டுக் குழாயில் நேரடியாக மோட்டாரை மாட்டித் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள். இது விதிக்கு விரோதம். மோட்டார் இழுக்கும்போது, நல்ல தண்ணீரோடு துளை வழியாக அழுக்கையும் சேர்த்து இழுக்கும். பக்கத்து வீட்டுக் குழாயிலும் அது போய்ச் சேரலாம்.

செலவுக் கணக்கு

சரி, குழாயை மாற்றிவிடலாம் என்றால், செலவு?

குழாய் வாங்க வேண்டும். இணைப்புச் சாமான்கள் வாங்க வேண்டும். பள்ளம் தோண்டும் ஆளுக்குக் கூலி. குழாய் ரிப்பேர்காரருக்குக் கூலி. தெருவை வெட்ட வேண்டும் என்றால், அதற்கு அனுமதி வாங்கிப் பணம் கட்ட வேண்டும். பிறகு பள்ளத்தை மூடி, தெருவைப் பழையபடி ஆக்க வேண்டும். குழாயின் விலையைவிட மற்றச் செலவுகளே அதிகமாகிவிடும்!

இதற்குப் பயந்து என்ன செய்கிறோம்? ஓட்டையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டுகிறோம். கொஞ்ச நாள் தாங்குகிறது. பிறகு ஒரு முழம் தள்ளி இன்னொரு ஓட்டை விழுகிறது!

ஓர் உதாரணம் சொல்கிறேன். தொகைகள் கணக்குக்காகச் சொன்னவை. ஊருக்கு ஊர் மாறும். ஒரு தடவை தோண்டி ஒட்டுப் போட 1,500 ரூபாய் ஆகிறது. அடுத்த ஆண்டு இன்னொரு தடவை. அதற்கு அடுத்த ஆண்டும், அதற்கு அடுத்த ஆண்டும் இதே வேலை. நான்கு தடவைக்கு 6,000 ரூபாய் ஆகிவிட்டது. குழாயோ பழைய குழாய்தான்! அந்த 6,000 ரூபாயை முதலிலேயே போட்டுப் புதுக் குழாய் பதித்திருந்தால், நான்கு தடவை பள்ளம் தோண்டி இருக்க வேண்டியது இல்லை.

"சொல்வது சுலபம். 6,000 ரூபாயை ஒரே நாளில் எடுத்து வைக்க முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. உப்பளத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு வெயில் காலத்தில்தான் கூலி. மழை பிடித்தால் பாத்தியில் வேலை இல்லை. கையில் காசும் இல்லை. மண் ஊறி, உப்பு ஈரம் குழாயை அரிப்பதும் அதே மழைக் காலத்தில்தான்! 2020 நவம்பரில் "நிவர்" புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2024 நவம்பர் 30-ந் தேதி "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியபோது, மரக்காணத்திலும் மழை கொட்டித் தீர்த்தது. இப்படிப்பட்ட நாட்களில் வயிற்றுப்பாட்டைப் பார்ப்பார்களா, குழாயைப் பார்ப்பார்களா?

யார் தருவது?

தெருவில் போகும் பெரிய குழாய் பஞ்சாயத்தின் பொறுப்பு. அதிலிருந்து பிரிந்து வீட்டுக்கு வரும் சிறு குழாய், பொதுவாக வீட்டுக்காரர் பொறுப்பு. இதுதான் வழக்கம்.

இந்த வழக்கம் உப்பு மண்ணுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

வீட்டு வாசற்படிக்கு உள்ளே இருப்பதை வீட்டுக்காரர் பார்க்கட்டும். வாசலுக்கு வெளியே, தெரு மண்ணுக்குள் கிடக்கும் துண்டை ஊராட்சியோ பேரூராட்சியோ பார்க்க வேண்டும். அந்த இடம் வீட்டுக்காரர் நிலம் அல்ல. அங்கே தோண்ட அவர் அனுமதி கேட்க வேண்டும். அங்கே விழும் ஓட்டை, தெருவுக்கே நோயைக் கொண்டுவரலாம். பொறுப்பு மட்டும் அவர் ஒருவருக்கா?

"எல்லா வீட்டுக்கும் செய்யப் பணம் ஏது?" என்று அதிகாரிகள் கேட்கலாம். அமெரிக்காவில் பிளின்ட் என்று ஒரு நகரம். 2014-ம் ஆண்டு அங்கே தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றினார்கள். புதிய தண்ணீர் குழாய்களை அரித்து, ஈயம் குடிநீரில் கலந்தது. மக்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2017-ம் ஆண்டு சமரசம் ஏற்பட்டது. தெருவிலிருந்து வீட்டுக்குப் போகும் பழைய குழாய்களை, வீட்டுக்காரரிடம் காசு வாங்காமல் மாற்றிக் கொடுக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது. நோய் வந்த பிறகு செய்ததை, வருவதற்கு முன்பே செய்தால் என்ன?

2019-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி மத்திய அரசு "ஜல் ஜீவன்" திட்டத்தை அறிவித்தது. கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய். ஆள் ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்பது குறி. நல்ல திட்டம். ஆனால் குழாய் கொடுத்தால் மட்டும் போதாது. அந்தக் குழாய் அரித்துப்போனால் யார் மாற்றுவது என்பதற்கும் வழி வேண்டும்.

முழுச் செலவையும் ஏற்க முடியாவிட்டால், இரண்டு காரியங்களையாவது செய்யலாம். ஒன்று: பஞ்சாயத்தே குழாயை மாற்றிவிட்டு, செலவைத் தண்ணீர்க் கட்டணத்தோடு மாதத் தவணையாக வாங்கிக்கொள்ளலாம். மழைக்கால மாதங்களில் தவணை வேண்டாம்! இரண்டு: புதிதாகத் தெருவைப் போடுவதற்கு முன்பு, அந்தத் தெருவில் உள்ள பழைய வீட்டுக் குழாய்களை எல்லாம் மாற்றிவிடலாம். தெருவைப் போட்ட மறு மாதம் வெட்டுவது யாருக்கு லாபம்?

நாம் செய்ய வேண்டியது

அதுவரை நாம் சும்மா இருக்கக்கூடாது. முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். தெரு முழுவதும், எல்லாக் குடமும் கரித்தால், தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே கோளாறு இருக்கலாம். பஞ்சாயத்தில் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் மட்டும், முதல் குடம் மட்டும் கரித்தால், உங்கள் குழாய்மீதுதான் சந்தேகம்.

தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடுங்கள். குழாயில் காதை வைத்துக் கேளுங்கள். "சர்" என்ற சத்தம் கேட்டால் எங்கோ ஒழுகுகிறது. மழை இல்லாத நாளில் ஒரே இடத்தில் மண் ஈரமாக இருந்தாலும் அதே அர்த்தம்தான். கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை, முதல் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் எடுக்காதீர்கள். மற்றத் தண்ணீரையும் காய்ச்சிக் குடியுங்கள். காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது.

குழாயை மாற்றும்போது மறுபடியும் இரும்பைப் போடாதீர்கள். உப்பு, பிளாஸ்டிக் குழாயை அரிக்காது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்குங்கள். வெயில் படாமல் ஆழமாகப் புதையுங்கள். கல் குத்தாமல் இருக்க, கீழே மணல் பரப்புங்கள். சாக்கடைக்கு உள்ளே குழாயைக் கொண்டுபோகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரும் மாற்றுவதாக இருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து ஒரே நாளில் ஆள் வையுங்கள்; தோண்டும் கூலி குறையும். இந்த வேலையை வெயில் காலத்தில், கையில் கூலி வரும்போதே முடித்துவிடுங்கள்.

"உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்பது பழமொழி. மரக்காணத்து உப்பைத் தின்பவர்கள் எங்கெங்கோ நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள். அந்த உப்பை வாரிக் கொடுத்தவர் வீட்டில், முதல் குடம் கரிக்கிறது.

அந்தக் குடத்தைக் கீழே கொட்டினால் மட்டும் போதாது. குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பஞ்சாயத்தும் ஒரு கை கொடுக்க வேண்டும்!